மூடியைத் திறந்தால் நின்றுவிடும் இயந்திரம்

மருதனார்மடச் சந்தியிலிருந்து உரும்பிராய்ப் பக்கம் போகும் வீதியில் தர்சினியின் கடை இருக்கிறது. முன்பக்கத்தில் போட்டோக்கொப்பி, லமினேற்றிங். பின்பக்கத்தில் றப்பர் முத்திரை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை சங்கங்கள் இருக்கின்றன என்று கிராம சேவையாளரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். தர்சினி யோசிக்க மாட்டாள். சனசமூக நிலையம், மாதர் சங்கம், முதியோர் சங்கம், விளையாட்டுக் கழகம், அந்தக் கழகத்தோடு கோபித்துக்கொண்டு பிரிந்த இன்னொரு விளையாட்டுக் கழகம் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை செய்து கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொன்றிலும் தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று. சங்கம் உடைந்தால் ஆறு.

"உங்கடை ஊரிலை ஒற்றுமை வந்திட்டால் நான் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை இருக்க வேண்டியதுதான்" என்று அவள் சொன்னால், வந்திருக்கும் தலைவர்கள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

கடை தொடங்குவதற்கு முன்பு அவள் எட்டு வருஷம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்தவள். வெல்டிங் பொறியைச் சும்மா பார்த்தவர்கள், பட்டாசைக் குனிந்து பார்த்தவர்கள், சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே படத்தினூடாகப் பார்த்தவர்கள் என்று பலவகைக் கண்களை அங்கே கண்டிருக்கிறாள். அதனாலோ என்னவோ, எதையும் சோதித்துப் பார்க்காமல் தொடமாட்டாள். கோபிசங்கர் கலியாணம் பேசி வந்தபோதும் அப்படித்தான். பெடியன் குடிக்கமாட்டான், நல்ல குணம் என்று தரகர் அடுக்கிக்கொண்டு போக, அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஓட்டோ ஓடுறவர் எண்டு சொல்லுறியள். கோப்பாயிலை இருந்து தெல்லிப்பழை மட்டும் ஒருக்கா என்னை ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ. பிறேக் எப்பிடிப் பிடிக்கிறார் எண்டு பாக்க வேணும்."

கோபிசங்கர் வழியில் மாட்டுக்கும் நின்றான், மஞ்சள் கோட்டுக் கடவைக்கும் நின்றான். சாதகம் அதற்குப் பிறகுதான் பார்க்கப்பட்டது.

இப்போது ஊரில் கௌரவிப்புக் காலம். முன்பு யாராவது எழுபத்தைந்தைத் தாண்டினால் பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு வேலையிலிருந்து இளைப்பாறியவர்களுக்குப் போர்த்தினார்கள். இப்போது இடமாற்றம் கிடைத்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப் போகிறவர்களுக்கும், போன வருஷம் போர்த்தியவர்களுக்கும் போர்த்துகிறார்கள். பொன்னாடையோடு கட்டாயம் ஒரு கேடயம் வேண்டும். கேடயத்தில் கறுப்புப் பூச்சுப் பூசிய பித்தளைத் தகடு, தகட்டில் பெயர், பெயருக்கு முன்னால் இரண்டு வரிப் பட்டங்கள். இந்த வேலையெல்லாம் ரவுணுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் தன் கடையிலேயே செய்தால் என்ன என்று தர்சினி யோசித்து, சின்ன ஊதா லேசர் ஒன்றை இணையத்தில் சொல்லி எடுப்பித்தாள். தகட்டின் கறுப்புப் பூச்சை அது கோடு கோடாக எரிக்கும். எரிந்த இடத்தில் பித்தளை எழுத்தாக மினுங்கும்.

பொதி வந்தது. உள்ளே பெருவிரல் பருமனில் ஒரு அலுமினியக் கூடு, அதன் முதுகில் சின்னக் காற்றாடி, ஓரத்தில் இரண்டு வயர். விற்றவர்களுடைய இணையப் பக்கத்தில் வலு ஐந்நூறு மில்லிவாற் என்று இருந்தது. பெட்டியின் மேல் ஐந்து மில்லிவாற் என்று அச்சடித்திருந்தது. கூட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்ரிக்கரில் எதுவுமே எழுதவில்லை, "ஆபத்து" என்பதைத் தவிர. கூடவே இலவசமாக ஒரு பச்சைக் கண்ணாடியும் வந்திருந்தது.

"ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு வயசு சொல்லுறாங்கள்" என்றாள் தர்சினி.

"கரண்டைக் குடுத்துப் பார், தெரியும்தானே" என்றான் கோபிசங்கர்.

"கண்ணுக்கு உதிரிப்பாகம் இல்லை, தெரியுமோ? உங்கடை ஓட்டோவுக்கு எண்டால் சந்தியிலை வாங்கலாம்."

ஒன்பது நாள் அவள் அதற்கு மின்சாரம் கொடுக்கவில்லை. முதலில் பழைய ரீவிப் பெட்டி ஒன்றைக் கழற்றி, உட்புறம் முழுக்க மினுக்கமில்லாத கறுப்பு வர்ணம் அடித்தாள். லேசரை எழுத்துக்கு ஏற்ப நகர்த்த ஒரு பழைய பிறின்ரரின் சட்டத்தை உள்ளே பொருத்தினாள். மேலே ஒரு மூடி செய்து, மூடியில் சின்னச் செம்மஞ்சள் அக்ரிலிக் யன்னல் வைத்தாள். மூடியின் விளிம்பில் ஒரு சுவிச். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் வரும் அல்லவா, இது அதற்கு நேர் எதிர். மூடியைத் திறந்தால் லேசர் அணைந்துவிடும். புகை போக ஒரு கொம்பியூட்டர்க் காற்றாடியைப் பொருத்தி, குழாயை யன்னலுக்கு வெளியே விட்டாள்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் ஆரபி, கண்ணாடிக்கடைக் காலத்திலிருந்தே சிநேகிதி, ஒளியின் வலுவை அளக்கும் கருவியோடு வந்தாள். இரண்டு பேரும் கைக்கடிகாரம், வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார்கள். மினுங்கும் பொருள் எதுவும் மேசையில் இருக்கக்கூடாது. லேசரை மேசையோடு இறுக்கி, இடுப்புயரத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். கதவைப் பூட்டி, தர்சினி தனியாக வாங்கியிருந்த செம்மஞ்சள் கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டார்கள்.

கருவி இருநூற்றுப் பத்துக் காட்டியது. பத்து நிமிடத்தில் கூடு சூடேற, நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது.

"ஐஞ்சும் பொய், ஐந்நூறும் பொய்" என்றாள் ஆரபி. "ஆனா ஐஞ்சு எண்டு போட்டவன்தான் பெரிய கள்ளன். ஐஞ்செண்டு நம்பி ஆரும் கண்ணுக்குக் கிட்டப் பிடிப்பினம். உந்த நிறம் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். மங்கலாத் தெரியிறபடியால் பயம் வராது. ஆனா உள்ளுக்கை போற வலு அவ்வளவும் போகும்."

பிறகு கண்ணாடிகளைச் சோதித்தார்கள். ஒளிக்குக் குறுக்கே கண்ணாடியைப் பிடித்து, பின்னால் கருவியை வைப்பது. செம்மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சியம். இலவசமாக வந்த பச்சைக் கண்ணாடி, சிவப்பு லேசருக்குச் செய்தது போலும், ஊதாவை வாசல் திறந்து வரவேற்று உள்ளே விட்டது. தர்சினி அதன் காலை முறித்துக் குப்பையில் போட்டாள். யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு தைரியமாக நிற்கக்கூடாது என்பதற்காக.

ஒரு மாதத்தில் கேடய வேலை சூடு பிடித்தது. கதை சனசமூக நிலையத் தலைவர் தியாகலிங்கத்தின் காதுக்கும் போனது.

தியாகலிங்கம் இளைப்பாறிய கல்வி அதிகாரி. ஊரில் எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாகத் தலைவர். போன வருஷக் கௌரவிப்பு விழாவில், சிறந்த விவசாயிக்கான கேடயத்தை இளைப்பாறிய குடும்பநல மாதுவுக்கும், அவவுக்கு உரியதை வெங்காயம் பயிர் செய்கிற ஒருவருக்கும் பெயர் மாறி வாசித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது என்று ஆராய்ந்து கண்டுபிடித்து ஒரு சங்கம் இரண்டாக உடைந்தது. அதில் தர்சினிக்கு மூன்று முத்திரை.

அவர் செயலாளர் கஜானனையும் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பிள்ளை, இந்த முறை விழாவிலை ஒரு லேசர் காட்சி வைப்பம் எண்டு தீர்மானம் நிறைவேற்றி இருக்கிறம். பிரதம விருந்தினர் மேடைக்கு வரேக்கை சாம்பிராணிப் புகைக்குள்ளாலை உன்ரை லேசரை அவற்றை முகத்திலை அடிச்சால் நல்லா இருக்கும்."

தர்சினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சேர், முகத்திலை அடிச்சால் அவர் திரும்பிப் போகேக்கை ஆரும் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு போக வேணும்."

"சின்னச் சாமான்தானே?"

"சின்னச் சாமான்தான். பாம்புக்குட்டியும் சின்னதுதான்."

தீர்மானம் நிறைவேறிய விஷயத்தில் உண்மை நுழைவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே இரண்டு பலூன் ஊதினாள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, லேசரைப் போட்டாள். பலூன் அப்படியே இருந்தது. கஜானன் சிரித்தான். கறுப்பை வைத்தாள். பொத்தானை அமத்தினாளோ இல்லையோ, பெட்டிக்குள் டமார் என்றது. பொருளாளர் "முருகா" என்று கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் மட்டும் செம்மஞ்சள் யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "எனக்கு ஒரு வெளிச்சமும் தெரியேல்லையே" என்றார்.

"உந்த யன்னலுக்கு வேலையே அதுதான் சேர். அது ஊதாவை வெளியிலை விடாது."

"அப்ப காட்சி எண்டு எதைக் காட்டுறது? மூடியைத் திறந்து காட்டு பிள்ளை."

"அது மட்டும் ஏலாது."

அன்றைக்கே லேசர் காட்சி கைவிடப்பட்டது என்று நினைத்தால் நீங்கள் சங்கங்களை அறியாதவர். கைவிடப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் "லேசர் பாதுகாப்பு உபகுழு" என்று ஒன்று தெரிவு செய்யப்பட்டது. தலைவர் தியாகலிங்கம், செயலாளர் கஜானன், பொருளாளர் அதே பொருளாளர். மூன்று முத்திரைக்கு ஓடர் வந்தது. அந்த முத்திரை றப்பரை வெட்டியது அதே லேசர்தான்.

உபகுழுவின் முதல் நடவடிக்கையாக, கோயில் திருவிழாக் கடையில் ஒரு டசின் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். அதைப் பாதுகாப்புச் சாதனம் என்று அறிக்கையில் எழுதி, தர்சினி பரிசோதித்து அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று கஜானன் கொண்டுவந்து வைத்தான். அவள் ஆரபியிடம் கருவியை மறுபடி வாங்கி, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பாதிக்கு மேல் ஒளி கடந்து போனது. பன்னிரண்டிலும் "வெயிலுக்கு மட்டும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா, ஒண்டு கூடவோ பாஸ் இல்லை?" என்றான் கஜானன்.

"கறுப்பு எண்டால் காக்கும் எண்டு இல்லைத் தம்பி. இது உங்கடை ஸ்ரைலுக்கு நல்லது. இந்தா, இந்தச் செம்மஞ்சளைப் போடு."

கஜானன் அதைப் போட்டு, போனில் தன் முகத்தைப் பார்த்தான். "தலைவர் உதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிக்கமாட்டார்" என்றான். அது உண்மை.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உபகுழு நேரடிப் பரிசோதனைக்கு என்று வந்தது. தர்சினி அப்போது விழாவுக்குரிய தகடு ஒன்றைத்தான் போட்டிருந்தாள். பாதி எழுத்து முடிந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு பொம்பிளை அடையாள அட்டைக் கொப்பிக்கு அவசரப்படுத்த, "சேர், இருங்கோ, வாறன். ஒண்டிலையும் கை வையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் எழும்பிப் போனாள்.

பின்பக்கத்தில் நடந்ததைப் பிறகு பொருளாளர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தலைவர் மூடியைத் திறந்தார். இயந்திரம் நின்றது. மூடினார், ஓடியது. திறந்தார், நின்றது.

"இது பழுதான சாமான்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். "மூடி திறந்தால் நிண்டுபோற சாமானுக்கே இவ்வளவு நடப்பு?"

"அது உந்தச் சுவிச்சாலை சேர்" என்று கஜானன் கண்டுபிடித்தான். மேசையில் கிடந்த செலோரேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, சுவிச்சை அமத்தி ஒட்டினான். இயந்திரம் மூடி திறந்தபடியே ஓடத் தொடங்கியது.

கஜானனும் பொருளாளரும் ஊதாவாக ஏதோ மின்னியதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் திருப்பவில்லை. "எங்கையடா வெளிச்சம்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று இன்னும் குனிந்தார். அவருடைய கைக்குள், நெஞ்சோடு அணைத்தபடி, கூட்டக் குறிப்புகள் அடங்கிய கறுப்புக் கோப்பு இருந்தது. பூச்சு எரிந்து மினுங்கிய பித்தளை எழுத்து ஒளியை மேலே திருப்பி எறிந்தது. கோப்பு மட்டையிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழும்பியது.

தர்சினிக்கு முதலில் வந்தது மணம். றப்பர் மணமும் இல்லை, பூச்சு மணமும் இல்லை. கொப்பியை எறிந்துவிட்டு ஓடிவந்தவள், ஒருவரையும் பாராமல் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள். சுவிச்சின் மேல் செலோரேப் மினுங்கியது.

"ஆர் ஒட்டினது?"

"சும்மா ஒட்டிப் பாத்தனான் அக்கா" என்றான் கஜானன்.

அவள் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்து, கோப்பில் விழுந்த சின்ன ஓட்டையிலிருந்து தலைவருடைய வலது கண் வரைக்கும் வைத்து அளந்தாள்.

"பதினொரு அங்குலம்" என்றாள். "சேர், உங்கடை கண்ணுக்கும் உந்த ஓட்டைக்கும் இடையிலை பதினொரு அங்குலம்தான் இருந்தது."

தலைவர் கோப்பைப் பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார். "எனக்கு முன்னாலை எல்லாம் பனிப்புகார் மாதிரி இருக்குது பிள்ளை" என்றார். குரலில் கல்வி அதிகாரி இல்லை.

கோபிசங்கரின் ஓட்டோ பத்து நிமிடத்தில் வந்தது. மூன்று பேரையும் பின்னால் ஏற்றி, தர்சினி முன்னால் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். வழியில் ஒரு தாளில் எழுதினாள்: ஒளியின் நிறம், கருவி காட்டிய வலு, எத்தனை செக்கன் இருக்கும், எவ்வளவு தூரம். கண் வைத்தியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடி எழுதிக்கொண்டு வாற ஆளை நான் இதுவரைக்கும் காணேல்லை" என்றார்.

மூன்று பேருடைய கண்ணிலும் மருந்து விட்டு, கண்மணியை விரித்து, ஒவ்வொருவராக உள்ளே பார்த்தார். கஜானனுக்கும் பொருளாளருக்கும் ஒன்றுமில்லை. தலைவரிடம்தான் நீண்ட நேரம் இருந்தார்.

"ஐயா, லேசர் உங்களை ஒண்டும் செய்யேல்லை. ஆனா இந்தக் கண்புரை எத்தினை வருஷமா இருக்குது?"

தலைவர் சட்டைப் பையில் லேஞ்சியைத் தேடினார்.

"ரெண்டு கண்ணிலையும் வில்லை நல்லா மஞ்சளாகி, மங்கிப் போச்சுது. மஞ்சள் வில்லையாலை ஊதா நிறம் லேசிலை உள்ளுக்கை போகாது. அதுதான் மற்ற ரெண்டு பேரும் கண்டது உங்களுக்குத் தெரியேல்லை. பேர், எழுத்து வாசிக்கேக்கை கஷ்டம் இல்லையோ?"

"கொஞ்சம்" என்றார் தலைவர்.

போன வருஷத்துச் சிறந்த விவசாயி பற்றிய அரசியல் விளக்கங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போயின.

திரும்பி வரும்போது கஜானனும் பொருளாளரும் சந்தியில் இறங்கிவிட்டார்கள். தலைவர் தனியே பின்னால் இருந்தார். மருந்து விட்ட கண் கூச, லேஞ்சியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு வருஷமாத் தெரியும் பிள்ளை. கண் தெரியேல்லை எண்டு சொன்னால் அடுத்த கூட்டத்திலை ஆளை மாத்திப்போடுவாங்கள். வீட்டிலை சும்மா இருந்து என்ன செய்யிறது?"

தர்சினிக்கு அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எங்கோ இறங்கிப் போனது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"சேர், கண்புரைக்குப் புது வில்லை வைக்கலாம். அரை மணித்தியால வேலை. ஆனா இண்டைக்கு உந்த லேசர் கண்ணுக்குள்ளை பட்டிருந்தால் சுட்ட இடம் சுட்டதுதான், ஒருத்தராலும் திருத்த ஏலாது. நீங்கள் மறைச்சபடியால்தான் குனிஞ்சனீங்கள்."

"நீ ஒருத்தரிட்டையும் சொல்லாதை."

"நான் சொல்லமாட்டன். நீங்கள் ஒப்பரேசனுக்குத் திகதி எடுங்கோ."

விழா "தொழில்நுட்பக் காரணங்களால்" இரண்டு மாதம் பின்போடப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது. தலைவருக்கு முதலில் வலது கண், பிறகு இடது கண். ஓட்டோக்காரனுடைய வாயில் நிற்கும் இரகசியம் ஊரில் எவ்வளவு நாள் நிற்குமோ அவ்வளவு நாள் அது இரகசியமாக இருந்தது.

விழாவில் லேசர் காட்சி இல்லை. சாம்பிராணி மட்டும் போட்டார்கள். தியாகலிங்கம் முப்பத்தாறு பெயர்களையும் பட்டங்களோடு பிழையின்றி வாசித்தார். சண்டைக்கு இடமில்லாமல் போனதால் சபையில் ஒருவித ஏமாற்றம் இருந்தது. தர்சினிக்கும் ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லித் தப்பிவிட்டாள்.

கஜானன் மறுநாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். "நீ கெட்டவன் இல்லை, கெட்டிக்காரன். அதுதான் கூடப் பயம்" என்று சொல்லி அவள் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். ஆனால் சுவிச்சை மூடிக்கு உட்புறம் மறைத்து மாற்றி, ரேப் ஒட்ட முடியாதபடி செய்து, கூடவே ஒரு சாவியும் போட்டாள். சாவி இப்போது அவளுடைய தாலிக்கொடியில் தொங்குகிறது. இடத்தை விட்டு எழும்பினால் சாவியும் எழும்பும். உபகுழு இன்னும் மாதாமாதம் கூடுகிறது. என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது.

எதிர்பாராமல் வேலை கூடியது கோபிசங்கருக்குத்தான். ஒப்பரேசன் முடிந்து இரண்டு கிழமையில், முதியோர் சங்கத் தலைவர் கடைக்கு வந்து, போட்டோக்கொப்பி எடுப்பதுபோல நின்று, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து கேட்டார்: "பிள்ளை, சேரைக் கொண்டுபோன வைத்தியர் ஆர்?" மறுநாள் கூட்டுறவுச் சங்கத்துக்காரர். அடுத்த நாள் பிரிந்துபோன விளையாட்டுக் கழகத்தின் போசகர். எல்லாரும் தனித்தனியே, இரகசியமாக.

போன வியாழக்கிழமை கோபிசங்கர் அவர்களில் மூன்று பேரை ஒரே பயணத்தில் ஏற்றவேண்டி வந்தது. பின் சீற்றில் நெருக்கி இருந்துகொண்டு, மூன்று பேரும் வெளியே பார்த்தபடி வந்தார்கள்.

"எங்கை அண்ணை போறியள்?" என்று ஒருவர் கேட்டார்.

"சந்தைக்கு" என்றார் மற்றவர்.

"நானும் சந்தைக்குத்தான்" என்றார் மூன்றாமவர்.

சந்தை பின்னால் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கோபிசங்கர் கண் வைத்தியரின் வீதிக்குள் ஓட்டோவைத் திருப்பினான்.